எந்த வானத்தில் கற்பது?

லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே டோரன்ஸ் விமான நிலையத்தின் ஓடுதளத்தை ஒட்டி, வெளியிலிருந்து பார்த்தால் நம்மூர் நூல் மில் மாதிரித் தெரியும் நீளமான கட்டடம் ஒன்று இருக்கிறது. ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்க வருகிற எத்தனையோ பேர் முதன்முதலில் ஏறி உட்காரும் இயந்திரம் அங்கேதான் தயாராகிறது. ராபின்சன் ஹெலிகாப்டர் கம்பெனி. பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்த ஃபிராங்க் ராபின்சன் என்ற பொறியாளர், சின்னதாக, விலை குறைவாக ஒரு ஹெலிகாப்டர் செய்யலாம் என்று எவ்வளவோ சொல்லியும் முதலாளிகள் கேட்கவில்லை. 1973-இல் வேலையை விட்டுவிட்டுத் தானே தொடங்கினார். இரண்டு பேர் உட்காரும் ஆர்22-க்கு 1979-இல் அரசுச் சான்று கிடைத்தது. சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர்களுக்காக அவர் செய்த வண்டியைப் பயிற்சிப் பள்ளிகள் வாங்கிக் குவித்தன.

அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பொறியியல் முடித்தவள். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் ஓட்ட வேண்டும் என்பது அவள் தீர்மானம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய், விமானப்படை ஹெலிகாப்டர் வந்து ஒரு கர்ப்பிணி உட்படச் சிலரைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. எங்கள் ஊர் சூலூர். விமானப்படைத் தளத்திலிருந்து எழும் ரோட்டர் சத்தம் வீட்டுக்குள் கேட்கும் இடத்தில் வளர்ந்தவள். அமெரிக்காவில் படிப்பது என்று முடிவானதும், எந்தப் பள்ளி என்பதை நேரில் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். எழுபது லட்சம் ரூபாய்க்குக் குறையாத செலவு. படங்களைப் பார்த்து எடுக்கிற முடிவா இது?

தொழிற்சாலைக்குள் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூடுகள் வரிசையாக நின்றன. அவற்றின் ஊடே பழைய வண்டிகளும் பிரித்துக் கிடந்தன. 2,200 மணி நேரம் ஓடினாலோ 12 வருடம் ஆனாலோ முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆர்22-இன் மொத்த எடை, ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 622 கிலோவைத் தாண்டக் கூடாது. ஓர் இருக்கைக்கு 109 கிலோ உச்சம். கனமான உடம்புக்காரர் நாலு இருக்கை ஆர்44-க்குத்தான் போக வேண்டும். அதற்கு மணிக்கு நூறு இருநூறு டாலர் கூட ஆகும்.

இந்த வண்டியின் ரோட்டருக்கு இரண்டே தகடு. தண்டின் உச்சியில் சீசா பலகை மாதிரி இருபுறமும் ஆடும்படி பொருத்தியிருக்கிறார்கள். பறக்கும்போது, வண்டியைச் சாய்த்துத் திசை கொடுக்கும் சைக்ளிக் குச்சியைச் சட்டென்று முன்னால் தள்ளினால் ஒரு கணம் எடையற்ற நிலை வரும். அப்போது தவறான திருத்தம் செய்தால் ரோட்டரின் மையப்பகுதி தண்டில் இடித்துத் தண்டே முறியும். அப்படிப் பலர் இறந்த பிறகு, 1995-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை ராபின்சன் வண்டிகளுக்கென்றே தனி விதி கொண்டுவந்தது. அதில் ஒரு பகுதி பள்ளி தேடுகிறவர்களுக்கு முக்கியமானது. ஆர்22-இல் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் 200 மணி நேர ஹெலிகாப்டர் அனுபவம் வேண்டும். அதில் குறைந்தது 50 மணி ஆர்22-இல் இருக்க வேண்டும். வணிக உரிமத்துக்கோ 150 மணியே போதும். பல பள்ளிகள் விலை சொல்வது இந்த 150 மணிக்கு. மலிவாகத் தெரியும். ஆனால் கையில் உரிமம் இருந்தும் ஆசிரியர் வேலைக்கு மீதி மணிகளைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் பறக்க வேண்டியிருக்கும். அக்கா மகள் நோட்டில் முதலில் எழுதிக்கொண்ட கேள்வி இதுதான்: உங்கள் கட்டணம் எத்தனை மணிக்கு?

ஆசிரியர் வேலையைப் பற்றி ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கலாம். அதற்குப் பதில் கிராண்ட் கேன்யனில் கிடைத்தது. அதற்கு முன்னால் பிரெஸ்காட்.

கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே பாலைவனத்தைத் தாண்டி அரிசோனாவுக்குள் நுழைந்து யார்னல் மலைச்சாலையில் ஏறினோம். வழியில் ஒரு நினைவிடம். 2013 ஜூன் 30 அன்று இந்த மலைப்பகுதியில் பரவிய காட்டுத்தீயில் பிரெஸ்காட் தீயணைப்புக் குழுவைச் சேர்ந்த 19 பேர் சிக்கி இறந்தார்கள். வண்டியை நிறுத்திச் சற்று நேரம் நின்றோம். ஹெலிகாப்டர் விமானிகளுக்கு இங்கே கிடைக்கிற வேலைகளில் காட்டுத்தீ அணைப்பதும் ஒன்று. தொங்கும் வாளியில் தண்ணீர் மொண்டு, புகைக்குள் போய்க் கொட்ட வேண்டும். பள்ளி முடித்து வந்தவுடன் யாரும் அந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

பிரெஸ்காட் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 5,045 அடி உயரம். வருடத்தில் பெரும்பாலான நாள் வெயில், தெளிந்த வானம். பறக்க முடியாத நாட்கள் குறைவு, படிப்பு சீக்கிரம் முடியும் என்று பள்ளிகள் சொல்வது உண்மையே. ஆனால் அங்கே நின்றிருந்த ஒரு பயிற்றுநர் சொன்னதுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது. ஜூலை மதியம் வெப்பம் 32 டிகிரியைத் தொட்டால் அங்கே காற்று 8,000 அடிக்கு மேல் இருக்கிற காற்றைப் போல லேசாகிவிடும். ரோட்டர் அள்ளுவதற்குக் காற்று போதாது, எஞ்சினும் மூச்சு வாங்கும். இரண்டு பேரோடு நிறைய எரிபொருள் நிரப்பினால் தரையிலிருந்து எழும்ப மாட்டேன் என்கிறது வண்டி. ஒவ்வொரு முறையும் எடையைக் கூட்டிக் கழித்து, அட்டவணை பார்த்து, "இன்றைக்கு முடியாது" என்று சொல்லப் பழகிவிடுகிறார்கள் மாணவர்கள்.

"சித்தி, கேதார்நாத் எத்தனை அடி?" என்றாள் மகள். 11,755 அடி. இந்தியாவில் யாத்திரைக் காலத்தில் ஹெலிகாப்டர் விமானிகளுக்கு வேலை தரும் பெரிய இடங்களில் அதுவும் ஒன்று. 2022-லும் 2025-லும் அந்தப் பாதையில் நடந்த விபத்துகள் நமக்கு மறக்கவில்லை. மலையில் வேலை செய்யப் போகிறவர் கடலோரச் சமவெளியில் மட்டும் படித்துவிட்டு வரக் கூடாது என்று எனக்கு உறுதியானது அங்கேதான். பிரெஸ்காட்டில் படித்த ஒருவர் மெல்லிய காற்றை உடம்பால் அறிந்திருப்பார்.

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் டுசாயன் என்ற சின்ன ஊர். அங்குள்ள விமான நிலையம் 6,600 அடி உயரத்தில் இருக்கிறது. சுற்றுலா ஹெலிகாப்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக எழும்பிக்கொண்டே இருக்கின்றன. நாங்களும் ஏறினோம். பைன் காட்டின் மேல் தாழப் பறந்து வந்து, விளிம்பு தாண்டியதும் காலடியில் தரை இல்லாமல் போகிற அந்த நொடியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. தேசியப் பூங்கா எல்லைக்குள் விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது, குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. விமானி பேசிக்கொண்டே, கண்ணை ஒரு நொடிகூட வெளியிலிருந்து எடுக்காமல் ஓட்டினார்.

இறங்கிய பிறகு அவரிடம் மகள் கேட்டாள்: "இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்?"

பெரும்பாலும் எல்லோரும் வருகிற வழிதான் என்றார். படித்து முடிக்கும்போது கையில் 200 மணி. டர்பைன் எஞ்சின் வண்டியை நம்பி ஒப்படைக்கக் கம்பெனிகள் ஏறக்குறைய 1,000 மணி கேட்கும், காப்பீட்டுக்காரர்கள் அதற்குக் கீழே சம்மதிப்பது அரிது. இடையில் இருக்கிற 800 மணியைச் சொந்தக் காசில் பறந்து சேர்க்க யாராலும் முடியாது. ஆகவே படித்த பள்ளியிலேயே ஆசிரியராகச் சேர்ந்து, ஒன்றரை இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்து மணி சேர்த்தார். பிறகு கேன்யன். இங்கிருந்து சிலர் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறுகளுக்குப் போவார்கள், சிலர் அலாஸ்காவுக்கு. ஆம்புலன்ஸ் கம்பெனிகள் பொதுவாக 2,000 மணிக்குப் பக்கம் எதிர்பார்க்கும், இரவுப் பறத்தலும் கருவிகளைப் பார்த்து ஓட்டும் தேர்ச்சியும் கட்டாயம்.

"பள்ளியில் போய் எத்தனை ஹெலிகாப்டர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காதே. உங்கள் ஆசிரியர்களில் எத்தனை பேர் இங்கேயே படித்தவர்கள், போன வருடம் விலகிய ஆசிரியர்கள் இப்போது எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று கேள்" என்றார். பயணம் முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த சொற்களில் இதற்கு ஈடு இல்லை. பள்ளி என்பது படிக்கும் இடம் மட்டுமல்ல, முதல் வேலையும் அங்கேதான். அந்த வேலையைத் தர முடியாத பள்ளி, உரிமத்தைக் கையில் கொடுத்து வாசலில் விட்டுவிடும்.

அங்கிருந்து லாஸ் வேகஸ் போய் ஓரிகனுக்கு விமானம் பிடிக்க வேண்டும். அந்த ஊர் பெயரைக் கேட்டாலே ஹெலிகாப்டர்காரர்கள் ஒரு பழைய கதையைச் சொல்லுவார்கள். சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பள்ளி இங்கே தலைமையகம் வைத்து நாடெங்கும் கிளை பரப்பியிருந்தது. 70,000 டாலர் அளவுக்குக் கல்விக்கடன் வாங்க வைத்து, முன்பணமாக வாங்கிக்கொள்வார்கள். 2008 பிப்ரவரி 3 அன்று பள்ளியை மூடினார்கள், தொடர்ந்து திவால் மனு போட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிப் படிப்போடு நடுத்தெருவில் நின்றார்கள். படிப்பு போனது, கடன் மட்டும் நின்றது. கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் அலைந்தார்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டினால் தள்ளுபடி தருகிறோம் என்று எந்தப் பள்ளி சொன்னாலும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். பறக்கப் பறக்கக் கட்டுகிற மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. கணக்கில் சில ஆயிரம் டாலருக்கு மேல் அவர்களிடம் எப்போதும் தங்க விடக் கூடாது.

ஓரிகன் மாநிலம் ஹில்ஸ்பரோ, போர்ட்லேண்டுக்கு மேற்கே இருக்கிறது. இன்டெல் கம்பெனி இருப்பதால் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நாங்கள் தங்கியதும் அப்படி ஒரு தோழி வீட்டில்தான். நவம்பர் மாதம். வானம் சாம்பல் நிறத்தில் கூரை உயரத்துக்கு இறங்கி வந்துவிட்டதோ என்று தோன்றும். தூறல் விடுவதே இல்லை. பிரெஸ்காட் வெயிலைப் பார்த்துவிட்டு வந்த மகளுக்கு முகம் வாடியது. ஆனால் விமான நிலையத்தில் ஹெலிகாப்டர் சத்தம் ஓயவில்லை. இந்த வானிலையிலும் எழுந்து, சுற்றி, இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அறிமுகப் பறத்தலுக்கு வெளிநாட்டவருக்குப் பாதுகாப்பு அனுமதி தேவையில்லை. முறையான பயிற்சிக்குத்தான் கைரேகை கொடுத்து அமெரிக்க அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதனால் மகள் அங்கே ஓர் ஆர்22-இல் ஏறினாள். பிறகு அவள் விவரித்ததை எழுதுகிறேன். தரைக்கு அஞ்சடி மேலே பயிற்றுநர் வண்டியை அசையாமல் நிறுத்தி, முதலில் பெடலை மட்டும் கொடுத்தார். மூக்கு ஒரு பக்கம் போனது, திருத்தினாள். பிறகு வண்டியை ஏற்றி இறக்கும் இடதுகைக் கலெக்டிவ். கடைசியாக நடுவில் நிற்கும் சைக்ளிக். அதைக் கையில் வாங்கிய மூன்றாவது நொடியில் வண்டி ஊசலாடத் தொடங்கி, ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போக, பயிற்றுநர் இரண்டு விரலால் தொட்டு நிறுத்தினார். "நகர்த்தாதே, நகர்த்த நினை, அது போதும்" என்றாராம்.

மேலே எழும்பி மேற்கே மலைப்பக்கம் திரும்பியதும் பயிற்றுநர் கார்புரேட்டர் வெப்பக் குமிழை இழுத்துவிட்டுக் காரணம் சொன்னார். இந்த ஈரக் காற்றில் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும். எஞ்சின் வேகத்தைத் தானாகச் சரிசெய்யும் கவர்னர் இருப்பதால் சக்தி குறைவது விமானிக்குத் தெரியாமலே போகும். தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அதனால் அளவுமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சற்று தூரத்தில் மேகம் மலை உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வழி இருப்பது போலத்தான் தெரிந்தது. பயிற்றுநர் அந்த இடைவெளியைக் காட்டி, "இதற்குள் போகலாமா?" என்று கேட்டார். அவள் யோசிப்பதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். "கேள்வி வந்துவிட்டாலே திரும்ப வேண்டியதுதான்."

இதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2021 டிசம்பர் 8 அன்று எங்கள் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட எம்ஐ-17 குன்னூர் மலையில் மோதி, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரைப் பலி கொண்டது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் நுழைந்து, திசையுணர்வு தப்பியதே காரணம் என்றது விசாரணை. அதற்கு முந்தைய வருடம் ஜனவரியில் கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்ததும் அதேபோல் மேகத்துக்குள் போனதால்தான். அந்த விமானி அனுபவசாலி, கருவி உரிமமும் வைத்திருந்தவர்.

பள்ளிகள் கருவிப் பயிற்சி தருகிறோம் என்று விளம்பரம் செய்யும். ஆனால் ஆர்22-உம் ஆர்44-உம் மேகத்துக்குள் பறக்கச் சான்று பெற்றவை அல்ல. தெளிந்த வானில், மாணவர் வெளியே பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்துத்தான் அந்தப் பயிற்சி நடக்கிறது. அதை அரிசோனாவிலும் செய்யலாம், ஓரிகனிலும் செய்யலாம். அரிசோனாவில் கிடைக்காதது இந்தச் சாம்பல் வானம். வாரத்தில் பல நாள் மேகத்தைப் பார்த்து, அளந்து, போகாமல் திரும்பி, சில நாள் வயலில் இறக்கி வைத்துக் காத்திருந்து பழகிய விமானிக்கும், நீலவானத்தில் மட்டும் மணி சேர்த்த விமானிக்கும் உரிமத்தில் வித்தியாசம் தெரியாது. ராத்திரியில் நோயாளியின் உறவினர் கையெடுத்துக் கும்பிட்டு நிற்கும்போது, "இப்போது பறக்க முடியாது" என்று சொல்ல வேண்டிய வேலை ஆம்புலன்ஸ் விமானியுடையது. அந்த வேலைக்கு ஓரிகன்தான் பள்ளிக்கூடம் என்பது என் தீர்ப்பு. மலைச் சுற்றுலாவும் யாத்திரையும் குறி என்றால் பிரெஸ்காட் பக்கம் போகச் சொல்வேன்.

மறுநாள் தோழி எங்களை வில்லமெட் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போனாள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரம் அதிகம் விளைவது இந்த மாநிலத்தில். நவம்பரில் வெட்டிக் கட்டிய மரங்களைச் சேற்று வயலிலிருந்து லாரி நிற்கும் இடத்துக்கு ஹெலிகாப்டர்தான் தூக்குகிறது. நீளமான கயிற்றின் முனையில் கொக்கி. கீழே நிற்பவர் மாட்டியதும் வண்டி சாய்ந்து பாய்கிறது. கட்டு ஊசலாடி லாரிக்கு மேலே வரும் அந்தக் கணத்தில் விமானி கொக்கியை விடுவிக்கிறார், கட்டு இருக்க வேண்டிய இடத்தில் உட்காருகிறது, வண்டி அதற்குள் திரும்பிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலையைப் பக்கவாட்டில் நீட்டிக் கீழே பார்த்தபடியே ஓட்டுகிறார் மனிதர். தொங்கும் சுமையைக் கண்ணால் நேராகப் பார்த்து ஓட்டும் இந்த முறையை வளர்த்ததில் பக்கத்து ஊர் அரோராவில் இருக்கும் கொலம்பியா ஹெலிகாப்டர்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. வெஸ் லெமாட்டா 1957-இல் தொடங்கியது. மகள் இமைக்காமல் நின்றாள். தோழி காருக்குள் இருந்து கூப்பிட்டும் வரவில்லை.

இனி விசா. இதை யாரும் முதலில் சொல்வதில்லை. பெரும்பாலான விமானப் பள்ளிகள் தருவது எம்-1 விசாவுக்கான ஐ-20 படிவம். அதில் நாலு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம்தான் பயிற்சி வேலை செய்யலாம். மாதம் 50 மணி சொல்லிக்கொடுத்தாலும் ஊர் திரும்பும்போது கையில் 500 மணிதான் நிற்கும். கல்லூரியோடு இணைந்த படிப்பாக இருந்து எஃப்-1 விசா கிடைத்தால் 12 மாதம் வேலை செய்யலாம், 800 மணிக்குப் பக்கம் வரலாம். இந்தியாவிலோ ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஆயிரக்கணக்கான மணிகளோடு வருகிறவர்களோடுதான் வேலைக்குப் போட்டி. வெளிநாட்டு உரிமத்தை நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வுகள் எழுதி மாற்றிக்கொள்ளவும் வேண்டும். 2024-இல் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனை ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கியது. அவள் ஆசைப்படும் வேலை நம் நாட்டில் இப்போதுதான் முளைவிடுகிறது. அதனால் மணிக் கட்டணத்தில் பத்து இருபது டாலர் குறைவு என்பதற்காக எம்-1 பள்ளியைத் தேர்ந்தெடுப்பது நம் பிள்ளைகளுக்கு நஷ்டம் என்றே சொல்வேன். ஓரிகனில் எஃப்-1 வழி திறந்திருக்கிற இடத்துக்கு மகள் விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

வீட்டில் யாராவது ஹெலிகாப்டர் படிக்க வேண்டும் என்று நின்றால் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடனுக்கு வங்கியில் கையெழுத்துப் போடும் முன், இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை இங்கேயே முடித்துவிடுங்கள். நிறக்குருடோ இதயத்துடிப்பில் கோளாறோ இருந்தால், எந்த நாட்டில் படித்து வந்தாலும் இந்திய உரிமம் கிடைக்காமல் போகலாம். அது தெரியும் இடம் அமெரிக்காவாக இருக்கக் கூடாது.